உறங்கும் புல்லை உறங்க விடுவோம்

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் நாள்களில் டெல்லி, சண்டிகர், லக்னோ, ஜெய்ப்பூர் போன்ற வட இந்திய நகரங்களில் வீட்டு முற்றத்துப் புல்வெளிகள் நிறம் மாறத் தொடங்குகின்றன. மழைக்காலம் முழுதும் பசுமை குன்றாதிருந்த புல் முதலில் வெளிறும். பின்பு நுனி காயும். தை பிறக்குமுன் வைக்கோல் நிறத்தை அடைந்துவிடும். வீட்டாருக்குக் கவலை பிறக்கிறது. காலையும் மாலையும் குழாயைத் திறந்து நீர் பாய்ச்சுகிறார்கள். கைநிறைய யூரியாவை அள்ளித் தூவுகிறார்கள். அப்படியும் பச்சை திரும்பவில்லை என்றால் தோட்டக்காரரைக் கடிந்துகொள்கிறார்கள். இருக்கும் புல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிய புல்லைப் பதிக்க நர்சரியில் விலை விசாரிக்கிறார்கள்.

இந்தக் கவலையும், இதனால் விளையும் செலவும் பெரும்பாலும் தேவையற்றவை என்பதே நம் கருத்து. அவை புல்லுக்கும், பூமிக்கு அடியில் எஞ்சியிருக்கும் நீருக்கும், அக்கம்பக்கத்தார் சுவாசிக்கும் காற்றுக்கும் தீங்காகவும் முடிகின்றன. குளிர்காலப் புல்வெளிப் பராமரிப்பு என்பது எதைச் செய்வது என்பதைவிட, எதைச் செய்யாமல் விடுவது என்பதையே பெரிதும் சார்ந்தது.

புல் ஏன் பழுப்பாகிறது?

நம் நாட்டு வீட்டுப் புல்வெளிகளில் பெரும்பாலானவை அருகம்புல் வகையைச் சேர்ந்தவை. இந்தி பேசுவோர் இதனை ‘தூப்’ என்கிறார்கள். நர்சரிகளில் ‘செலக்‌ஷன் ஒன்’ என்னும் பெயரில் விற்கப்படுவதும் இதன் ஒரு தேர்ந்த வகையே. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தின் புல்வெளிக்கு ஆதியில் கல்கத்தாவின் பெல்வெடர் வளாகத்திலிருந்து கொண்டுவரப்பட்டதும் இந்தப் புல்தான்.

அருகு வெப்பத்தை விரும்பும் புல். ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் அது செழித்துப் படரும். வெப்பநிலை 15 டிகிரியை நெருங்கும்போது வளர்ச்சி மந்தமாகும். மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறக்க நிலைக்குச் சென்றுவிடும். டெல்லியில் ஜனவரி மாதத்துச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 முதல் 8 டிகிரி அளவில்தான் இருக்கிறது. மூடுபனி சூழ்ந்த நாள்களில் நண்பகல் வரை வெயிலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே அருகம்புல் பழுப்பாவது அதன் இயல்பு. அதனை நோய் என்று கருதுவதற்கு இடமில்லை.

உறங்கும் புல் தன் இலைகளைக் கைவிடுகிறது, உயிரைக் கைவிடுவதில்லை. மழைக்காலத்தில் தேடிய மாவுச்சத்தைத் தரையோடு ஓடும் தண்டுகளிலும் மண்ணுக்குள் பதிந்த கிழங்குத் தண்டுகளிலும் சேமித்து வைத்திருக்கிறது. வசந்தம் வந்ததும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் முதல் தளிர் புறப்படும். இடையில் நீரும் உரமும் அளித்து அதனை எழுப்ப முயல்வது, முதிர்வுக் காலம் வருமுன்பே வைப்புநிதியை முறிப்பதற்கு ஒப்பானது. ஒரு சில வெதுவெதுப்பான நாள்களை நம்பித் துளிர்க்கும் இலையை அடுத்து வரும் பனி கருக்கிவிடும். அப்போது சேமிப்பும் கரைந்திருக்கும், பச்சையும் நிலைத்திருக்காது.

மணமக்களை வாழ்த்தும்போது ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதில் கூர்ந்த நோக்கு இருக்கிறது. ஆலுக்குத் தழைப்பதைச் சொன்னவர்கள், அருகுக்கு வேரையே சொன்னார்கள். கோடையில் கருகி, வெள்ளத்தில் மூழ்கி, பனியில் உலர்ந்தாலும் அருகு மீண்டும் முளைப்பதற்குக் காரணம் அதன் வேரிலும் தண்டிலும் இருக்கும் உறுதியே.

புல் உறங்குகிறதா, பட்டுவிட்டதா என்னும் ஐயம் எழுமானால் அறிந்துகொள்ள எளிய வழி உண்டு. கையளவு இடத்தில் மண்ணைக் கிளறித் தண்டுகளைப் பார்க்க வேண்டும். அவை வெண்மையாகவோ இளம் மஞ்சளாகவோ இருந்து, நகத்தால் கீறினால் ஈரம் தென்பட்டால் புல் உயிரோடிருக்கிறது. உள்ளும் புறமும் பழுப்பேறி, தொட்டால் பொடிந்து உதிர்ந்தால் மட்டுமே அந்த இடம் பட்டுப்போயிற்று என்று கொள்ளலாம். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால், புதிய புல் வாங்கும் செலவு பல வீடுகளுக்கு மிச்சமாகும்.

நீருக்கு ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்சினால் அது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு நாள்தோறும் 5 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 500 லிட்டர் செலவாகும். நகரங்களில் ஒருவரது அன்றாடத் தேவைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் குடிநீர் வழங்கல் அளவு. அதன்படி, உறங்கும் புல்லின்மேல் நாம் கொட்டுவது ஏறத்தாழ நான்கு பேரின் ஒரு நாள் நீர்.

உறக்க நிலையில் இருக்கும் புல்லுக்கு வேண்டியது, தண்டும் வேரும் முற்றிலும் உலர்ந்துவிடாதபடி காக்கும் ஈரம் மட்டுமே. 10 முதல் 15 நாள்களுக்கு ஒருமுறை நன்றாக நனைத்தால் போதும். ஒரு தடவைக்கு 20 மில்லிமீட்டர் என்று கொண்டாலும், அதே புல்வெளிக்கு 15 நாளில் 2,000 லிட்டரே ஆகிறது. நாள்தோறும் பாய்ச்சினால் அந்த 15 நாளில் 7,500 லிட்டர் போயிருக்கும். மிச்சம் 5,500 லிட்டர். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை நான்கு முறை இவ்வாறு மிச்சப்படுத்தினால் 22,000 லிட்டர் தேறும். மோட்டார் ஓடும் மின்சாரம் இதில் சேரவில்லை. இடையில் குளிர்கால மழை ஒன்றிரண்டு பெய்தால் அந்தத் தடவைக்குக் குழாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் ஆண்டுதோறும் ஊறும் நிலத்தடி நீரைவிட இறைக்கப்படும் நீர் அதிகம் என்பதை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. அதில் பெரும்பங்கு வேளாண்மைக்குச் செல்கிறது என்பது உண்மையே. ஆயினும் உணவு விளைவிப்பதற்கு இறைக்கும் நீரையும், உறங்கும் புல்லை நனைப்பதற்கு இறைக்கும் நீரையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெங்களூரு குடிநீர் வாரியம், தோட்டங்களுக்கும் வாகனங்களைக் கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. கோடையில் அத்தகைய அறிவிப்பு வந்த பிறகு விழித்துக்கொள்வதைவிட, குளிர்காலத்திலேயே கையைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

நீர் பாய்ச்சும் நேரமும் முக்கியம். வெயில் ஏறிய பின், முற்பகலில் பாய்ச்ச வேண்டும். மாலைக்குள் இலைகள் உலர்ந்துவிடும். மாலையில் பாய்ச்சினால் இரவு முழுதும் ஈரம் தங்கிப் பூசண நோய்க்கு இடமளிக்கும். மூடுபனி விலகாத நாள்களில் நீரே பாய்ச்ச வேண்டாம்.

மாதங்களின் ஒழுங்கு

மேற்சொன்னவற்றை ஆண்டின் ஓட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அக்டோபரில், மண்ணில் இன்னும் வெப்பம் இருக்கும்போதே, ஆண்டின் கடைசி உரத்தை அளித்துவிட வேண்டும். அப்போதும் தழைச்சத்து மிகுந்திருத்தல் கூடாது; சாம்பல்சத்து குளிரைத் தாங்கும் வலிமைக்கு உதவும். நவம்பரில் வெட்டும் உயரத்தைச் சற்றே உயர்த்தி, புல்லை 4 அல்லது 5 சென்டிமீட்டர் அளவில் விட வேண்டும். அந்த உயரம் தண்டுகளுக்குப் போர்வையாக அமையும். நவம்பர் முடியும்போது கடைசி வெட்டு.

டிசம்பரிலும் ஜனவரியிலும் உரம் வேண்டாம், வெட்டும் வேண்டாம். உறங்கும் புல் தழைச்சத்தை உறிஞ்சாது. தூவிய யூரியாவில் பெரும்பகுதி நீரோடு கரைந்து மண்ணுக்கடியில் இறங்கி நிலத்தடி நீரையே கெடுக்கும். அல்லது குளிரில் முளைக்கும் களைகளுக்கு விருந்தாகும். இப்பருவத்துக் களைகளுள் ஒன்று, வட இந்தியர் ‘பத்துவா’ என்று கொண்டாடும் சக்கரவர்த்திக்கீரை. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளிக்காத புல்வெளியில் அது முளைத்தால் பறித்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். மற்றக் களைகளை விதை முற்றுமுன் கையால் பிடுங்குவதே சிறந்தது. புல் பழுத்திருக்கும் இந்நாள்களில் பச்சையாய் நிற்கும் களை கண்ணுக்குத் தப்பாது.

உறைபனி படிந்த காலைகளில் புல்லின்மேல் நடக்கலாகாது. உறைந்த இலைகள் மிதிபட்டால் நொறுங்கும்; காலடித் தடங்கள் கரும்பழுப்பாய்ப் பல நாள் நிற்கும். வெயில் பனியை உருக்கும் வரை பொறுத்திருப்பது போதுமானது. நீலகிரியின் உதகையில் இது ஆண்டுதோறும் காணும் காட்சி. அங்கே அரசு தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர்ச் செடிகளின்மேல் மிலார்ச் செடிகளைப் பரப்பி மூடுகிறார்கள். புல்வெளிகளில் அதிகாலையில் நீரைத் தெளித்துப் பனியை அகற்றுகிறார்கள். வெயில் ஏறிய பின்னரே நீர் என்னும் விதிக்கு இஃது ஒரு விலக்கு. உறைபனி வழக்கமாக விழும் மலை ஊர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

பிப்ரவரி இறுதியில் இரவுக் குளிர் தணிந்ததும் வேலை தொடங்குகிறது. காய்ந்த சருகுப் புல்லை வாரியால் வாரி அகற்ற வேண்டும். ஒருமுறை தாழ வெட்ட வேண்டும். இறுகிய மண்ணில் முள்கரண்டியால் துளையிட்டு, மணலும் மண்ணும் மட்கிய உரமும் கலந்து மெல்லிய படலமாகத் தூவி, நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும். புது உரத்திற்கும் இதுவே தருணம். ஹோலிப் பண்டிகையை ஒட்டிப் பெரும்பாலான புல்வெளிகள் தாமே பச்சை காட்டத் தொடங்கிவிடும்.

சென்னை, மும்பை, பெங்களூரு போன்ற ஊர்களில் அருகம்புல்லை உறங்கவைக்கும் அளவுக்குக் குளிர் இல்லை. அங்கே புல் மெல்ல வளர்கிறது, அவ்வளவே. சென்னையில் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நீடிப்பதால் நீரை வடிய விடுவதே முதற்கடமை. பெங்களூரிலும் மும்பையிலும் மழை நின்ற பின் புல் பழுத்தால் அதற்குக் காரணம் வறட்சி. அளவான நீரே அதற்கு மருந்து.

சருகும் நெருப்பும்

குளிர்காலப் புல்வெளியின்மேல் விழும் சருகு சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அது தெருவையே தொடும் விஷயம். வடக்கே முசுக்கட்டையும் இலவமும் குளிர்காலத்தில் இலை உதிர்க்கின்றன. வேம்பும் அரசும் மாசி, பங்குனியில் உதிர்க்கின்றன. சருகு தடித்த விரிப்பாகப் புல்லின்மேல் கிடந்தால் வெளிச்சமும் காற்றும் புகாமல் அடியில் பூசணம் பிடிக்கும். ஆகவே வாரத்திற்கொரு முறை வாரி எடுக்க வேண்டும். வாரிய சருகை என்ன செய்வது என்பதே கேள்வி.

தீ வைப்பதே எளிய வழி என்று பலர் நினைக்கிறார்கள். 2015ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் சருகையும் குப்பையையும் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும், தோட்டக் கழிவைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும், எரிக்கலாகாது என்று கூறின. குளிர்காலத்தில் காற்று அசைவற்று நிற்பதால் புகை மேலெழாமல் நம் மூக்கின் உயரத்திலேயே தங்குகிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிப்பவர்; அடுத்து அவ்வீட்டுக் குழந்தை.

சருகு மண்ணுக்குரிய செல்வம். தோட்டத்தின் ஒரு மூலையில் குழி தோண்டி, சருகை அடுக்கி, இடையிடையே மண்ணும் சாணமும் இட்டு, ஈரம் காயாமல் காத்துவந்தால் சில மாதங்களில் மட்கத் தொடங்கும். ஓராண்டிற்குள் கருமையான இலைமட்கு கிடைக்கும். இடமில்லாதவர்கள் கம்பிவலையை வட்டமாக வளைத்து நிறுத்தி அதனுள் இடலாம். பிப்ரவரியில் மேலே தூவ விலை கொடுத்து வாங்கும் உரத்தை இவ்வாறு வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம்.

இதில் மனிதர் தொடர்பான ஓர் உண்மையையும் நாம் மறைக்கலாகாது. தெருமுனையில் இரவில் சருகு எரிவதற்குச் சோம்பலைவிடக் குளிரே பெரிய காரணம். நம் வாசலைக் காக்கும் காவலாளி விரல்கள் விறைக்க அமர்ந்திருக்கிறார். கைக்கெட்டும் சருகைக் கொளுத்திக் குளிர்காய்கிறார். அவரைக் கண்டிப்பதற்குமுன் அவருக்கு நாம் என்ன அளித்தோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். டெல்லி வட்டாரத்தில் காற்றின் தரம் தாழும்போது நடைமுறைக்கு வரும் செயல்திட்டம், காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் வழங்குமாறு குடியிருப்போர் சங்கங்களுக்கு அறிவுறுத்துகிறது. ஒரு ஹீட்டர், ஒரு கம்பளிப் போர்வை, காற்றுப் புகாத சிறு கூண்டு: இம்மூன்றும் ஓர் அடுக்ககத்தின் எல்லா வீடுகளும் பகிர்ந்துகொண்டால் சிறிய தொகையே.

தோட்டக்காரரின் குளிர்காலம்

புல் உறங்கும்போது தோட்டக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டு, டிசம்பரிலும் ஜனவரியிலும் அவரது ஊதியத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது நியாயமன்று என்று நாம் கருதுகிறோம். புல்லுக்குத்தான் உறக்கம், அவரது வீட்டு அடுப்புக்கு உறக்கமில்லை. வேலையும் இல்லாமலில்லை. சருகு வாருதல், மட்குக் குழி பேணுதல், களை பறித்தல், வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தீட்டுதல், குழாய்களின் ஒழுக்கை அடைத்தல், பாத்திகளின் ஓரங்களைச் சீர்செய்தல் எனப் பணிகள் வரிசையாக நிற்கின்றன. டேலியாவும் சாமந்தியும் பெட்டூனியாவும் வட இந்தியத் தோட்டங்களுக்கு அழகூட்டுவதும் இக்குளிர்காலத்திலேயே. நீர் பாய்ச்சும் நேரத்தை இவற்றுக்குத் திருப்பினால் அவர் உழைப்பும் பயன்படும்; நம் தோட்டமும் சிறக்கும்.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

குளிர்காலத்தில்தான் நாங்கள் புல்வெளியில் அமர்கிறோம். வயோதிகர் வெயில் காய்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். அப்போது அது பழுப்பாய்க் கிடக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. வெயில் காய்வதற்குப் பழுப்புப் புல்லும் பச்சைப் புல்லும் ஒன்றே. உறங்கும் புல் தேய்ந்த இடத்தை உடனே நிரப்பிக்கொள்ளாது என்பதால் நாற்காலிகளை நாள்தோறும் இடம் மாற்றிப் போட வேண்டும். குழந்தைகளின் ஆட்டத்தை ஒரே மூலையில் தொடர்ந்து நடத்தாதிருக்க வேண்டும். புல் பழுத்திருந்தாலும் தண்டுகள் மண்ணைப் பற்றியிருப்பதால் புழுதி பறக்காது.

பச்சை வேண்டியே தீரும் என்போருக்கும் வழி உண்டு. குளிரை விரும்பும் ‘ரை’ புல்லின் விதையை அக்டோபரில் அருகின்மேல் தூவி வளர்க்கும் முறையைக் கோல்ஃப் மைதானங்கள் கையாளுகின்றன. இங்கிலாந்தில் குளிர்காலத்திலும் புல்வெளி பசுமையாய் நிற்பதற்குக் காரணம் இத்தகைய புல் வகைகளும் அந்நாட்டு ஈரமும் ஆகும். நாம் அந்நாட்டிடமிருந்து புல்வெளி வைக்கும் ஆசையைப் பெற்றுக்கொண்டோம். அதன் வானிலையைப் பெறவில்லை. ரை புல்லுக்குக் குளிர்காலம் முழுதும் நீரும் வெட்டும் உரமும் வேண்டும். வசந்தத்தில் அது அருகோடு போட்டியிட்டு அதன் எழுச்சியைத் தாமதப்படுத்தும். கோடையின் வெப்பத்தில் மடிந்துவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் விதைக்க வேண்டும். விரும்புவோர் வீட்டின் முன்னால் ஒரு சிறு பகுதியில் மட்டும் அதனை வளர்த்து நிறைவுகொள்ளலாம். முழுப் பரப்பையும் அதற்கு ஒப்படைப்பது நீருக்கும் பணத்துக்கும் வீண்செலவு.

பச்சையே செழிப்பு, பழுப்பு என்றால் புறக்கணிப்பு என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறியிருக்கிறது. அண்டைவீட்டார் என்ன நினைப்பார் என்னும் கூச்சமே பல குழாய்களைத் திறந்துவிடுகிறது. ஒரு தெருவில் இரண்டு வீட்டார் துணிந்து தம் புல்லை உறங்க விட்டு, மார்ச் மாதத்தில் அது தழைப்பதைக் காட்டினால், மூன்றாம் வீட்டாருக்கு விளக்கம் வேண்டியிராது. இக்குளிர்காலத்தில் நீர் பாய்ச்சும் நாள்களைக் காலண்டரில் குறித்து வைப்போம். சருகுக்கு ஒரு குழி தோண்டுவோம். காவலாளிக்கு ஒரு போர்வை வாங்கித் தருவோம். எஞ்சியதை அருகம்புல் தன் வேரைக்கொண்டு தானே பார்த்துக்கொள்ளும்.